கை வாரியாக அடுக்கிய அட்டைகள்

காலை ஆறு மணிக்கு அந்தப் பன்றி இனவிருத்தி நிலையத்தின் ஏழு பொலிபன்றிகளும் தலையைத் திருப்பி வாசல் கதவைப் பார்க்கும். யாரும் வரமாட்டார்கள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டு மறுபடியும் தொட்டிக்குள் மூக்கை விடும். அவற்றைப் பார்த்துக்கொண்ட கைராசிக்காரர் செத்துப் பதினாலு மாதம் ஆகிறது. அவருடைய ரப்பர் பூட்ஸ் சத்தமும், பல்லிடுக்கில் விடும் சீட்டியும் சரியாக அந்த நேரத்துக்குத்தான் வரும். மனுஷன் போய்விட்ட சேதியை மனுஷர்களுக்குச் சொல்லியாயிற்று. பன்றிகளுக்கு யார் சொல்வது?

அவர் மனைவி அதே நிலையத்தின் ஆய்வு அறையில் இருபத்துமூன்று வருஷமாக வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்திருப்பதால் கண்ணாடியம்மா என்று பெயர். பக்கத்து அறையில் இரும்புச் சட்டத்தின் மேல் தடித்த ரப்பர் போர்த்திய பொம்மைப் பன்றி ஒன்று நிற்கும். பொலிபன்றி அதன்மேல் ஏறும். விந்தைக் குவளையில் பிடிப்பார்கள். சுவரில் உள்ள சின்ன ஜன்னல் வழியாகக் குவளை வெதுவெதுப்பாக இவள் கைக்கு வரும். ஒரு சொட்டு எடுத்துச் சூடான தகட்டில் வைத்து, எத்தனை நீந்துகின்றன, எத்தனைக்கு வால் கோணல் என்று எண்ணி மதிப்பெண் போடுவாள். அந்தப் பன்றிகளின் உள்ளே ஓடுவதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வெளியே அவை எப்படி இருக்கும் என்று கேட்டால் தடுமாறுவாள். கொட்டில் பக்கம் அவள் போவதே இல்லை. அது அவர் ராஜ்ஜியமாக இருந்தது.

ராஜ்ஜியம் என்று சும்மா சொல்லவில்லை. பதினேழு வருஷம் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் சினை ஊசி போட்டவர் அவர் ஒருவர்தான். அவர் கை பட்டால் பத்துக் குட்டிக்குக் குறையாது என்று சொல்வார்கள். தாய்ப்பன்றிக்குப் பருவச்சூடு அடங்கும் நேரமாகிவிட்டாலும் அவர் வரும்வரை காத்திருப்பார்கள். வேறு கையைத் தொடவிட மாட்டார்கள். இந்தப் பைத்தியம் நிலையத்துக்குள்ளும் புகுந்திருந்தது. எந்தத் தாய்ப்பன்றிக்கு என்றைக்கு ஊசி, எத்தனை குட்டி என்று எழுதும் அட்டைகள் எந்த ஊரிலும் பொலிபன்றி வாரியாகத்தான் அடுக்கப்படும். இங்கே மட்டும் கை வாரியாக, யார் ஊசி போட்டாரோ அவர் பெயரில். அலுவலக அலமாரியில் அவர் வரிசை நாலு தட்டு. அவர் செத்த பிறகு அதை மேலாளர் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டி, ஒரு சாவியை அவர் மனைவியிடம் கொடுத்து, பக்கத்துச் சுவரில் அவர் படத்தையும் மாட்டிவிட்டார். ஜமீன்தார் என்ற பழைய பொலிபன்றிக்குப் பரிசு கிடைத்த அன்று எடுத்த படம். அதன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவர் பெண் கொடுத்த மாமனார் மாதிரி சிரித்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு அடுத்தபடியாக அந்த வேலைக்கு வந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது. விந்து பிடிப்பதும் அவள்தான், பண்ணை பண்ணையாகப் போய் ஊசி போடுவதும் அவள்தான். வந்த ஐந்தாம் மாதத்திலிருந்து சேதி வர ஆரம்பித்தது. நாலு குட்டி. அஞ்சு குட்டி. ஒரு இடத்தில் மூன்று. பெரிய பண்ணை வைத்திருக்கும் தொப்பிக்காரர்தான் அவளுக்கு அரைக்கை என்று பெயர் வைத்தார். கைராசிக்காரர் கையில் முழுசாக வந்தது இவள் கையில் பாதியாக வருகிறதாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒரு மாதத்தில் எல்லோருக்கும் அவள் அரைக்கை ஆகிவிட்டாள். மேலாளர் இரண்டு வரிசை அட்டைகளையும் எடுத்துச் சராசரி போட்டார். செத்தவருடையது பத்தரை, இவளுடையது ஏழு. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். இப்படி ஒரு பெயரோடு போனால் அவளை எந்தப் பண்ணையும் வாசல் மிதிக்க விடாது என்பது அவருக்கும் தெரியும்.

சேதி கேட்ட அன்று மத்தியானம் அந்தப் பெண் ஆய்வு அறைக்கு வந்தாள். அழவில்லை. கையுறையைக் கழற்றி, வலது கையை நுண்ணோக்கி பக்கம் நீட்டினாள்.

"அக்கா, இதையும் அந்தக் கண்ணாடியில வச்சுப் பாருங்களேன். என்ன குறைன்னு எனக்கும் தெரியட்டும்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கண்ணாடியம்மாவுக்குத் தன் வயிறு ஞாபகம் வந்தது. மூன்று முறை நின்று, மூன்று முறை கலைந்த வயிறு அது. நாத்தனார் ஒரு விருந்தில் எல்லோர் முன்னாலும், "நிக்காத வயிறு, அவ என்ன பண்ணுவா பாவம்" என்று சொன்னாள். பாவம் என்று சேர்த்துச் சொன்னதால் சண்டைக்கும் போக முடியவில்லை. அன்றைக்கு அவர் பக்கத்தில்தான் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக் கால் பிடித்துவிட்டார். நல்ல மனுஷன். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள், இவளும் சொன்னாள்.

அந்தப் பெண் போன பிறகு அவள் அலுவலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அரைக்கையின் அட்டைகளை எல்லாம் தரையில் கொட்டினாள். கை வாரியாக இருந்ததைக் கலைத்துப் பொலிபன்றி வாரியாகப் பரப்பினாள். பரப்பி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. ஆறு பன்றிகளின் வரிசையில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மாப்பிள்ளை என்று பெயர் வைத்த ஏழாவதின் வரிசையில் மட்டும் நாலு, அஞ்சு, அஞ்சு, மூணு, ஆறு. மற்ற ஆறுக்கும் சேர்த்து இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு அட்டை அவன் ஒருவனுக்கு. ஏனென்றால் நிலையத்திலேயே அதிக மதிப்பெண் வாங்கியவன் அவன், போட்டவள் இவள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. மீன் குஞ்சுகள் மாதிரி நீந்தும், ஒரு வால் கோணல் இருக்காது.

பிறகு கண்ணாடிக் கதவைத் திறந்து கணவருடைய கடைசி வருஷத்து அட்டைகளைப் பார்த்தாள். அந்த வருஷம் மாப்பிள்ளை வேலைக்குத் தயாராகத்தான் இருந்தான். வாரம் ஒரு குவளை அவனிடமிருந்து ஜன்னல் வழியாக வந்ததும், அவள் பிரமாதம் என்று எழுதியதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவர் கை ஒரு பண்ணைக்கும் அவனைக் கொண்டுபோகவில்லை. ஒரு அட்டைகூட இல்லை. மேலாளர் கேட்டபோதெல்லாம், "இன்னும் பழுக்கட்டும் சார்" என்றே நாளைத் தள்ளியிருக்கிறார். அவர் செத்த மறுவாரம் மேலாளர் பழம் பழுத்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்.

நாலு, அஞ்சு, மூணு. இந்த எண்களை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். படத்தில் இருக்கும் அந்த ஜமீன்தாரை வெளிப் பண்ணைகளுக்குக் கொண்டுபோகும் முன் நிலையத்துத் தாய்ப்பன்றிகளிடம் சோதித்தபோது வந்த எண்கள். மூன்று வருஷத்துக்கு முன் அவன் ரத்தத்தை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியபோது வந்த பதிலை மேலாளருக்குப் படித்துக் காட்டியதே இவள்தான். அவனுடைய இரண்டு குரோமோசோம்களில் ஒரு துண்டு இடம் மாறி ஒட்டியிருக்கிறது. அவனுக்கு ஒரு நோவும் இல்லை, விந்தில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அவனால் உண்டாகும் கருக்களில் பாதி, தாய் வயிற்றில் யாருக்கும் தெரியாமல் கரைந்துபோகும். தப்பிப் பிறப்பவற்றில் பாதி அதே கோளாற்றைச் சுமந்துகொண்டு நன்றாக வளரும். ஜமீன்தாரைக் கறிக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுடைய ஆண் குட்டிகள் அத்தனையையும் காயடிக்க உத்தரவு. காயடித்துக் கையெழுத்துப் போட்டவர் கைராசிக்காரர்.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை கழுவினார். சாப்பிடவில்லை. "ரத்தத்துல இருக்குதுங்கறாங்க. ஆளைப் பார்த்தா ஒண்ணுமே தெரியலியே" என்று மட்டும் சொன்னார்.

ஈற்றுப் பதிவேட்டை எடுத்தாள். ஜமீன்தாரின் கடைசி ஈற்று, அஞ்சு குட்டி, ஆண் இரண்டு, இரண்டுக்கும் காயடித்தாயிற்று. அதே நாள், அடுத்த கொட்டிலில் வேறு பொலிபன்றியின் ஈற்று, பத்துக் குட்டி. அந்தப் பத்து, ஒன்பதின் மேல் திருத்தி எழுதிய பத்து. அடித்துத் திருத்துவதை அவமானமாக நினைக்கும் மனுஷனின் கையெழுத்து அது. பக்கத்துக் கொட்டிலுக்கு ஒரு குட்டியைத் தூக்கிப் போட்டு, அந்தத் தாயின் எண்ணைக் காதில் வெட்டிவிட்டால் போதும். பன்றிக்குக் காதுதான் பிறப்புச் சான்றிதழ். அந்தப் பத்தாவது குட்டியின் காது எண், மாப்பிள்ளையுடையது.

அவள் முதல் முறையாகக் கொட்டிலுக்குப் போனாள்.

மாப்பிள்ளை சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். வெளுத்த முதுகு, நீண்ட உடம்பு. இடுப்பில், வாலுக்கு ஒரு சாண் மேலே, முடி இரண்டு சுழியாகச் சுழன்று கிடந்தது. ஒன்று வலப்பக்கமாக, ஒன்று இடப்பக்கமாக. அவள் திரும்பிப் போய் அலுவலகச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பதினாலு மாதமாகத் தினமும் பார்க்கிற படம். ஜமீன்தாரின் இடுப்பில் அவர் வைத்திருக்கும் கைக்குப் பக்கத்தில் அதே இரட்டைச் சுழி. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். கண்ணாடியம்மாவுக்கு வேண்டியிருந்தது.

இந்தச் சுழி எப்படி அவர் இருந்தவரை யார் கண்ணிலும் படாமல் இருந்தது? அதற்கும் பதில் இருந்தது. மாப்பிள்ளைக்கு இடுப்பில் ஏதோ தோல் நோவு, மருந்து போட வேண்டும் என்று சொல்லி அவர் மாதம் ஒரு முறை அங்கே மட்டும் முடியை ஒட்ட வெட்டிவிடுவார். மாப்பிள்ளைக்கு மாதாந்திர சலூன் என்று நிலையமே சிரிக்கும். அவர் போன பிறகு வெட்ட ஆள் இல்லை. அவர் புதைத்து வைத்தது தானாக முளைத்து வந்துவிட்டது.

அவர் பெட்டி இன்னும் கருவி அறையில்தான் இருந்தது. தகரப் பெட்டி, அடியில் ஒரு பழைய துணி, மேலே முடி வெட்டும் மெஷின். அதை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தபோது அவள் மனதில் என்ன இருந்தது என்பதை மறைத்துச் சொல்ல மாட்டேன். வெட்டிவிடத்தான் போனாள். இரண்டு நிமிஷ வேலை. தோல் நோவு திரும்ப வந்துவிட்டது என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசப்போவதில்லை. மாப்பிள்ளைக்கு வயதாகிவிட்டது என்று மெல்ல ஒதுக்கிவிடலாம். படம் சுவரில் இருக்கும். அந்தப் பெண் வேறு ஊரில் வேறு வேலை தேடிக்கொள்வாள், சின்ன வயசுதானே.

மெஷினைப் போட்டாள். அது உறும ஆரம்பித்தது.

மாப்பிள்ளை காதை நிமிர்த்தினான். மெதுவாகத் திரும்பினான். பின்பக்கத்தைக் கம்பியோடு ஒட்டி, இடுப்பை வாகாகச் சாய்த்துக்கொடுத்து, கண்ணை மூடி நின்றான். பதினாலு மாதமாக யாரும் தொடாத இடத்தை, யாரோ வந்துவிட்டார் என்ற நிம்மதியோடு காட்டிக்கொண்டு நின்றான்.

அவளுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று தோன்றியது. பூட்ஸில் ஒட்டும் மருந்துத் தண்ணீரின் வாடைகூட வந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்களே என்பது அதைவிடப் பயமாக இருந்தது. மாதா மாதம் இங்கே இப்படி நின்று, அவர் இதைத் தடவித் தடவி என்ன நினைத்திருப்பார்? ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாத ஒருவனைக் காப்பாற்றி, யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்திருந்தார். தான் சாவோம் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. அவள் மெஷினை நிறுத்தினாள். அவன் இன்னும் கண்ணைத் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை மாப்பிள்ளை பொம்மையின் மேல் ஏறி மயங்கிக் கிடக்கும்போது, காது நரம்பில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். பெரிய ஆண் பன்றியின் காதில் நரம்பு பிடிப்பது லேசில்லை. அந்தப் பெண் காதைப் புரட்டி, கட்டைவிரலால் ஒரு முறை நீவி, ஒரே குத்தில் எடுத்துவிட்டாள். பன்றி கண்ணிமைக்கக்கூட இல்லை.

"நல்ல கை உனக்கு" என்றாள் கண்ணாடியம்மா.

"கேலி பண்ணாதீங்கக்கா."

"கேலி இல்லடி. குட்டி குறைஞ்சது உன் கையால இல்ல. இவனால. இவன் காயடிச்சிருக்க வேண்டியவன். காயடிக்காம காதை மாத்தி வெட்டி வளர்த்தது என் வீட்டுக்காரர்."

அந்தப் பெண் ரத்தக் குழாயைப் பிடித்தபடியே நின்றாள். சந்தோஷப்படுவாள் என்று இவள் நினைத்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கலக்கம்.

"இதை ஏன்கா எங்கிட்ட சொல்றீங்க? நீங்க சொல்லலைன்னா யாருக்குமே தெரியாதே."

"எனக்குத் தெரியுமே" என்றாள் இவள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதே இரண்டு குரோமோசோம்கள், அதே துண்டு. மேலாளர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். மாப்பிள்ளையை அனுப்பிவிடலாம், அந்தப் பெண்ணும் இருக்கட்டும், ஆனால் காது வெட்டில் ஏதோ குழப்பம் என்று எழுதிக்கொள்வோம், போன மனுஷன் பெயர் எதற்கு என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அப்படியானால் பண்ணைக்காரர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். அவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்றார். அப்போது அவளுக்குக் கோபம் வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று இன்னும் எத்தனை காலத்துக்கு? பண்ணைகளுக்கு நானே போய்ச் சொல்கிறேன், சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அட்டைகளையும் அன்றே பொலிபன்றி வாரியாக மாற்றி அடுக்கினாள். கண்ணாடிக் கதவுக்குள் இருந்த நாலு தட்டை மட்டும் மேலாளர் தொடவிடவில்லை.

முதலில் தொப்பிக்காரர் வீட்டுக்கு அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கைராசிக்காரரின் ஆப்த நண்பர். உட்காரச் சொல்லி, குடிக்கக் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, அவரால வாய் திறந்து பதில் சொல்ல முடியாது. அந்தத் தைரியத்துல பேசுறீங்க. குழந்தை இல்லாத குறையை உங்களுக்கு ஒரு நாள் சொல்லிக் காட்டியிருப்பாரா அவரு? அந்த மனுஷன் மேலயா பழி போடுறீங்க?"

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். கண்ணாடியம்மா எழவில்லை. சொல்லிக் காட்டினதே இல்லை என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் குட்டி குறைந்தது இந்தப் பெண்ணுடைய கையால் இல்லை, அதை மட்டும் உங்கள் வாயால் நாலு பேரிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அந்தப் பெண்ணை அரைக்கை என்று கூப்பிடாமல், அம்மா பார்த்துப் போ என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

மாப்பிள்ளையை வண்டியில் ஏற்றிய அன்று சாயங்காலம், மெஷினைப் பெட்டியில் திரும்ப வைக்கக் கருவி அறைக்குப் போனாள். பெட்டிக்குள் வெள்ளை முடி ஒட்டிக் கிடந்தது. உதறலாம் என்று அடித் துணியை எடுத்தாள். துணிக்கு அடியில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. பலமுறை பிரித்து மடித்த தாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரிச் சீட்டு. மேலே அவள் பெயர்.

அவளுக்கு ஞாபகம் வந்தது. மூன்றாவதும் கலைந்த பிறகு டாக்டர் இரண்டு பேர் ரத்தத்தையும் கேட்டார். நீ முதலில் கொடு, நான் வேலை முடித்துவிட்டு வந்து கொடுக்கிறேன் என்றார் கணவர். முடிவு வாங்கப் போனவரும் அவர்தான். திரும்பி வந்து, ரத்தம் கெட்டுப்போச்சாம், மறுபடி எடுக்கணுமாம், விடு, நமக்கு எதற்கு இதெல்லாம் என்றார். சரி என்று இவளும் விட்டுவிட்டாள். தன்னிடம்தான் குறை என்று எழுதி வந்துவிடுமோ என்று உள்ளூரப் பயம். அதன் பிறகுதான் நாத்தனார் அந்த விருந்தில் பேசியது. அதன் பிறகுதான் அவர் தைலம் தேய்த்து விட்டது.

தாளில் இரண்டே வரி. குரோமோசோம்களில் குறை எதுவும் இல்லை. கணவருக்கும் இதே பரிசோதனை செய்யப்பட வேண்டும்.

கருவி அறைத் தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்ததா என்றால், வந்தது. மூன்று பிள்ளைகளுக்காகவும் அழுதாள்; அந்தத் தாளை மாதா மாதம் பிரித்துப் பார்த்து மடித்து வைத்த மனுஷனுக்காகவும் கொஞ்சம் அழுதாள். அப்படி அழ வேண்டியிருந்ததில் அவளுக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. அவருக்கு நிஜமாகவே குறை இருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பார்க்க ரத்தம் இல்லை. இவளிடம் இல்லை என்பது மட்டும் பத்தொன்பது வருஷமாக ஒரு ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் விடியலில் எல்லோருக்கும் முன்னால் நிலையத்துக்கு வந்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்தாள். நாலாவது தட்டின் கடைசியில், அவருடைய கடைசி அட்டைக்குப் பின்னால், தன் பெயர் எழுதிய அந்தத் தாளைச் செருகினாள். அந்த நாலு தட்டு மட்டும்தான் இன்னும் கை வாரியாக இருந்தது, இதுவும் அவர் கை செய்த வேலைதான். கதவைப் பூட்டினாள்.

ஆறு மணி ஆயிற்று. கொட்டிலில் ஆறு பன்றிகளும் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தன. அவள் பார்க்கவில்லை. நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டுவிட்டு, ஜன்னல் வழியாக முதல் குவளை வருவதற்காகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.